காலி எடை

இரும்பாலை ரோட்டில்
என் எடைமேடை இருக்கிறது.
முதலாளி ராசிபுரத்துக்காரர்.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும்
என்னுடையது.

கண்ணாடிக் கூண்டு, ஒரு மின்விசிறி,
சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி,
ரசீதைக் கடிக்கிற பழைய பிரிண்டர்.
எந்த வண்டியும் இரண்டு முறை வரும்:
காலியாக ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை.
பெரியதில் சின்னதைக் கழித்தால் சரக்கு.
ஒன்பது வருஷமாக நான் போடும் ஒரே கணக்கு.

கருப்பூர்ப் பக்கமிருந்து வெள்ளைக்கல் வரும்.
அந்த ஓட்டுநர்களுக்கு வயதே தெரியாது,
எல்லோருக்கும் புருவம் நரைத்திருக்கும்.
ஜவ்வரிசி மூட்டைகள் ஆலையின் புளித்த வாடையைத்
தார்ப்பாய்க்குள் கட்டிக்கொண்டு வரும்.
எவர்சில்வர் தகட்டுச் சுருள்
படுத்த எருமை மாதிரி சங்கிலியோடு வரும்.
எதிரே கஞ்சமலை.
அதன் வயிறெல்லாம் இரும்பு என்கிறார்கள்.
காலடியில் இருக்கும் ஆலைக்கோ
இரும்பு எங்கிருந்தோ ரயிலேறி வருகிறது.
எனக்கென்ன,
நான் மலையை எடை போட்டதில்லை.

மழை பெய்தால் மேடையே கனக்கும்.
வண்டியில்லாமல் நாற்பது கிலோ காட்டும்.
பொத்தானை அமுக்கிப் பூஜ்யமாக்க வேண்டும்.
"வானத்தைக் கழிச்சிட்டியாம்மா?" என்பார் அர்த்தநாரி.

அர்த்தநாரியுடையது பத்துச் சக்கர வண்டி.
ஓசூர், பெங்களூரு, திரும்ப இங்கே.
காலி எடை ஒன்பதாயிரத்து எழுநூற்று முப்பது.
அவர் முகத்தைவிட
அந்த எண் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஐப்பசியில் ஒரு வியாழன், மணி இரண்டேகால்.
ஒன்பதாயிரத்து அறுநூற்று எண்பது.
டீசல் நிறைய இருந்தது. கேட்டுக்கொண்டேன்.
ஐம்பது கிலோ என்பது ஒரு மூட்டை சிமெண்ட்.
அல்லது மாதேசன்.

எட்டிப் பார்த்தேன்.
கிளீனர் சீட்டில் ஒரு துண்டு மட்டும்
மடித்து வைத்திருந்தது.
"எங்கங்க மாதேசன்?"
ரசீதுக்குக் கைநீட்டியபடியே சொன்னார்:
"மேல போயிட்டான்."

பிரிண்டர் பாதியில் நின்றது. அல்லது நான்.
மேச்சேரிப் பையன், பத்தொன்பது இருக்கும்.
பின்னால் எடுக்கும்போது
வரலாம் வரலாம் வரலாம் என்று
வண்டியின் விலாவைத் தட்டுவான்,
பயந்த மாட்டுக்குத் தைரியம் சொல்வதுபோல.
எனக்கு இருபது ரூபாய் தர வேண்டும்.
இனி அதை நினைக்கவே கூடாதென்று
அந்த நொடியில் முடிவெடுத்தேன்.
தொப்பூர் இறக்கமா, கிருஷ்ணகிரி தாண்டியா
என்று கேட்க வாய் எழவில்லை.

அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.
"அட, மேலன்னா மேலதாம்மா."
வடகிழக்கே இருட்டைக் காட்டினார்.
"ஏற்காட்டுல லாட்ஜ் வேலை. சுடுதண்ணி தூக்கறானாம்.
குளுருதுன்னு போன் பண்றான்.
சம்பளம் ரெண்டாயிரம் சேத்தியாம்."
அங்கே கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒரு விளக்கு
தெரிந்தது, மறைந்தது,
கொஞ்சம் மேலே போய்த் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தது.
அரை நிமிஷம் அழத் தயாரானதை
யாரிடம் திருப்பிக் கொடுப்பது?
"இருபது ரூவா தரணும் அவன்" என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.
சிரித்தார். சிரித்துக்கொண்டே
இடப்பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.
விலாவில் தட்ட ஆளில்லாமல்
மேடையை விட்டுப் பின்வாங்க
மூன்று தடவை முன்னும் பின்னும் ஆனது.

நாலு மணிக்குப் பெரும்பாலும் வண்டி வராது.
வெளியே போய் மேடைமேல் நின்றேன்.
கூண்டுக்குள் சிவப்பாக ஐம்பது.
அந்தப் பெட்டிக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்;
என்னில் மூன்று நான்கு கிலோ
அதன் கணக்கில் எப்போதும் இல்லை.
டீக்கடை நாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.
அறுபது. எழுபது. மறுபடி அறுபது.
வாலை ஆட்டுகிறது என்று நினைக்கிறேன்.

தாரமங்கலம் பக்கமிருந்து ஹாரன் கேட்டது.
இரண்டு பேரும் இறங்கினோம்.
அப்புறமும் பெட்டி பத்து கிலோ காட்டியது.
பனியாக இருக்கும்.
அமுக்கிவிட்டேன்.